பால்வாடியா, அரசுப் பள்ளி எல்கேஜியா? காரைக்குடிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூத்தவனைத் தனியார் நர்சரியில் போட்டு, இரண்டு வருடம் ஃபீஸ் கட்டிக் களைத்துப்போன பிறகுதான் அரசுப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. சின்னவளுக்கு மூன்று வயது முடிந்ததும் நாலு இடம் ஏறி இறங்கினேன்: இரண்டு அங்கன்வாடி, ஒரு நடுநிலைப் பள்ளி வளாகத்து எல்கேஜி, அரசு உதவி பெறும் பள்ளி ஒன்று. அதிலிருந்து தெருவில் யாருக்குப் பிள்ளை மூன்று வயதானாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். மையங்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. டீச்சர் மாறினால் மையமும் மாறிவிடும் என்பது ஒரு காரணம். மற்றது, எல்லாருமே தெரிந்தவர்கள்.

பால்வாடி, அங்கன்வாடி, அரசுப் பள்ளி எல்கேஜி: எல்லாம் ஒன்றுதானா?

பால்வாடி என்பது நம் வாயில் நின்றுபோன பழைய பெயர். போர்டில் இருப்பது அங்கன்வாடி மையம். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் என்று 1975 அக்டோபர் 2 அன்று ஒன்றிய அரசு தொடங்கியதன் கீழ் இது வருகிறது. தமிழ்நாட்டில் இப்படி 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. கல்வித் துறைக்கும் இவற்றுக்கும் நேரடிச் சம்பந்தமில்லை, சமூக நலத் துறையின் பொறுப்பு. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, மூன்று வயதுக்கு மேல் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுப்பது எல்லாம் ஒரே அறையில் நடக்கும்.

எல்கேஜி, யுகேஜி என்று அரசுப் பள்ளியில் சொல்வது 2019 ஜனவரியில் வந்தது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த அங்கன்வாடிகளில் 2,381-ஐத் தேர்ந்தெடுத்து அந்த வகுப்புகளைத் தொடங்கினார்கள். ஆக, அதுவும் அடிப்படையில் அங்கன்வாடிதான், பள்ளி காம்பவுண்டுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் "பால்வாடி வேண்டாம், கவர்மென்ட் ஸ்கூல் எல்கேஜியில் சேர்த்துவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் ஒன்றும் சொல்வதில்லை.

அப்படியென்றால் எல்கேஜி போர்டு இருந்தால் படிப்பு கூடவா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 2019-இல் உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை இந்த வகுப்புகளுக்கு மாற்றினார்கள். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவரை மூன்று வயதுக் குழந்தைகள் நடுவில் உட்காரவைத்தால் அவருக்கும் கஷ்டம், குழந்தைக்கும் கஷ்டம். ஆசிரியர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2022-இல் அவர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, இந்த வகுப்புகளை அங்கன்வாடிப் பணியாளரே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதே வருடம் ஜூனில், வகுப்புகள் தொடரும் என்று அறிவிப்பு வந்தது. மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்களைப் போட்டார்கள்.

5,000 ரூபாயை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள். நான் போய்ப் பார்த்த வளாகத்தில் அந்த டீச்சர் நன்றாகவே நடத்தினார். ஆனால் வேறு வேலை கிடைத்தால் போய்விடுவேன் என்று அவரே சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? எனவே எல்கேஜி வளாகத்துக்குப் போனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த வருடம் டீச்சர் யார், போன வருடமும் இவரேதானா?

பள்ளி வளாகத்தில் ஒரு நன்மை உண்மையிலேயே இருக்கிறது. பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது அழுவதில்லை. அந்த வாசல், அந்த மணி, அந்த வேப்பமரம் எல்லாம் இரண்டு வருடமாகப் பழகியவை. அக்காவோ அண்ணனோ அதே பள்ளியில் படித்தால் கூட்டிப்போகவும் ஆள் இருக்கிறது.

போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், எப்போது போவது என்பது. ஜூன் மாதச் சேர்க்கை ஊர்வலத்தன்று போகாதீர்கள், அன்றைக்கு எல்லா இடத்திலும் பலூன் கட்டியிருக்கும். சாதாரணச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்குச் சொல்லாமல் போய், "டீச்சர், பாப்பாவைச் சேர்க்கலாம்னு இருக்கேன், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துக்கவா?" என்று கேளுங்கள். நான் போன நாலு இடத்திலும் யாரும் மறுக்கவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

நான் பார்த்த இரண்டு அங்கன்வாடிக்கும் நடுவில் நடந்தால் பத்து நிமிடம். இரண்டுக்கும் அதே அரிசி, அதே முட்டை, அதே சுவர்ப் படங்கள்.

முதல் மையம் புதுக் கட்டடம். சுவர் முழுக்க யானை, மயில். பொம்மைகளும் இருந்தன, ஆனால் பீரோவுக்கு மேலே, பாலிதீன் கவர் பிரிக்காமல். "ஏன் டீச்சர் மேலேயே இருக்கு?" என்றேன். "பிரிச்சா உடைச்சிடுவாங்கம்மா, ஆய்வுக்கு வந்தா நான் கணக்கு காட்டணும்" என்றார். பொய் சொல்லவில்லை அவர். கணக்கு காட்டத்தான் வேண்டும். ஆனால் பாயில் உட்கார்ந்திருந்த பதினாலு பிள்ளைகளும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எழுந்தால் "உட்காரு" என்ற சத்தம் மட்டும் வந்தது.

இரண்டாவது மையம் வாடகை வீடு. முன்னறையும் சமையலறையும், பின்னால் ஒரு சின்னத் தாழ்வாரமும்தான். தரையில் பாதித் தேங்காய்ச் சிரட்டைகள், ஒரு டப்பா புளியங்கொட்டை. ஒரு பையன் தன் சிரட்டையில் கொட்டைகளைப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு. டீச்சர் திருத்தவில்லை. பக்கத்திலிருந்த பெண்ணின் சிரட்டையைக் காட்டி, "யாருகிட்ட கூட இருக்கு?" என்றார். இரண்டு பேரும் கொட்டைகளைத் தரையில் வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள். பையனுடைய வரிசை நீளம். "எனக்குத்தான்!" என்று கத்தினான். அப்போதுதான் டீச்சர் அவனோடு சேர்ந்து மறுபடி எண்ணினார், இந்தத் தடவை நாலோடு.

எனக்கு அதற்கு மேல் எதுவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் உங்களுக்காகச் சொல்கிறேன்: படங்களும் பொம்மைகளும் குழந்தையின் கைக்கும் கண்ணுக்கும் எட்டுகின்றனவா, குடிதண்ணீரைப் பிள்ளையே எடுத்துக் குடிக்க முடிகிறதா, அடுப்பும் சிலிண்டரும் பிள்ளைகள் இருக்கும் இடத்திலிருந்து மறைவாக இருக்கின்றனவா, வாசலுக்கு வெளியே வண்டி போகும் ரோடு என்றால் கதவு சாத்தியிருக்கிறதா. அப்புறம், அந்த அரை மணி நேரத்தில் பேசுவது யார் என்று கவனியுங்கள். டீச்சர் மட்டுமே பேசினால் யோசியுங்கள்.

டீச்சர் எப்போது பார்த்தாலும் ஃபோனும் கையுமாக இருக்கிறாரே?

இதை நானும் முதலில் தப்பாகத்தான் நினைத்தேன். போஷன் டிராக்கர் என்று ஒன்றிய அரசின் செயலி இருக்கிறது. மையம் திறந்தது, பிள்ளைகள் வருகை, எடை, உயரம், யாருக்குச் சத்துமாவு கொடுத்தது என எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். வீட்டுக்குக் கொடுத்து அனுப்பும் சத்துமாவுக்கு இப்போது வாங்குபவரின் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கவும் வேண்டும். நெட் கிடைக்காத நாளில் வாசலில் நின்று ஃபோனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருப்பார், உள்ளே பிள்ளைகள் ஆயாவோடு இருப்பார்கள். இது போதாதென்று போலியோ சொட்டு மருந்து முகாம், வாக்காளர் பட்டியல் வேலை என்று வெளியேயும் அலைச்சல்.

ஆகவே கேட்க வேண்டியது, "உதவியாளர் இருக்கிறாரா?" என்பது. டீச்சர், உதவியாளர் இருவரும் இருக்கும் மையத்தில் ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் பிள்ளைகளோடு இருக்கலாம். ஒருவர்தான் என்றால் பதினொரு மணிக்கு மேல் வகுப்பு கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மைய டீச்சர் "கூடுதல் பொறுப்பு" பார்க்கும் இடம் என்றால் இன்னும் மோசம், வாரத்தில் பாதி நாள்தான் முகம் காட்ட முடியும். 2025-இல் மாநிலம் முழுக்க 7,783 பணியிடங்களை நிரப்ப அரசு உத்தரவு போட்டது. காலி எவ்வளவு இருந்தது என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது. உங்கள் மையத்துக்கு ஆள் வந்தாரா என்று விசாரியுங்கள்.

(ஆயா என்றதும் ஒன்று. எங்கள் பக்கம் செட்டியார் வீடுகளில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவர். பக்கத்து வீட்டுப் பேரன் பால்வாடியிலிருந்து வந்து "ஆயா அடிச்சிட்டாங்க" என்று அழ, அவன் பாட்டி திகைத்துப்போய் நின்றது எங்கள் தெருவில் ஒரு வாரச் சிரிப்பு. அடித்தது உண்மையா என்று மறுநாள் போய் விசாரித்தார்கள். உண்மைதான், லேசாக. அந்த உதவியாளரிடம் டீச்சர் பேசினார், பிறகு நடக்கவில்லை. பிள்ளை சொல்வதை மட்டும் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள்.)

சாப்பாடு எப்படி?

இதில் அரசு மையங்களை எந்தத் தனியார் நர்சரியும் தொட முடியாது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-இல் திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கியதிலிருந்தே பால்வாடிப் பிள்ளைக்கு மதியம் சுடுசோறு உண்டு. இப்போது கலவை சாதம், வாரம் மூன்று முட்டை. காலையில் சத்துமாவை உருண்டையாகவோ கொழுக்கட்டையாகவோ கொடுப்பார்கள். கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் சேர்ந்த மாவு அது. என் பெண் வீட்டில் முட்டையைத் தொடமாட்டாள். அங்கே பத்துப் பேர் வரிசையில் உட்கார்ந்து தின்னும்போது தானும் தின்கிறாள். எந்த மெனக்கெடலும் இல்லாமல் நடந்த அதிசயம்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமானது. வளாகத்து எல்கேஜியில் சேர்க்கிறோம், காலைச் சாப்பாடு கிடைத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். இட்லியோ இடியாப்பமோ ஊட்டிவிட்டே அனுப்புங்கள்.

ஏபிசிடி சொல்லிக்கொடுப்பார்களா? எழுத வைப்பார்களா?

இதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. நான் வேண்டுமென்றே ஆறாவதாக வைத்திருக்கிறேன்.

அங்கன்வாடிக்கென்று "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்ற பாடத்திட்டம் இருக்கிறது. என் குடும்பம், காய்கறிகள், வண்டிகள் என்கிற மாதிரி ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றிப் பாட்டு, கதை, விளையாட்டு. வயதுவாரியாகப் பயிற்சிப் புத்தகமும் உண்டு. வளாகத்து எல்கேஜியில் ஆங்கில எழுத்தும் பாட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மூன்று வயதில் நாலு கோடு நோட்டில் வீட்டுப்பாடம் இரண்டிலும் கிடையாது.

என் மாமியாருக்கு இது பெரிய குறை. மூத்தவன் இந்த வயதில் நூறு வரை எழுதினான் என்பார். எழுதினான், உண்மைதான். ஆனால் ஏழு பெரிதா, ஒன்பது பெரிதா என்று கேட்டால் முழிப்பான். பென்சிலை இறுக்கிப் பிடித்து விரல் வலிக்கிறது என்று அழுத ராத்திரிகளும் உண்டு. சின்னவளுக்கு எழுத்து தெரியாது. கடைக்குப் போனால் மூன்று எலுமிச்சம்பழம் எடுத்து வைக்கிறாள், ஒன்று கூடினால் திருப்பிப் போடுகிறாள். எனக்கு இது போதும். உங்களுக்குப் போதாது என்றால் அதில் தவறில்லை, ஆனால் அரசு மையத்தில் சேர்த்துவிட்டு டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

கழிப்பறை?

கட்டாயம் உள்ளே போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி கேளுங்கள். பள்ளி வளாகத்தில் பெரிய பிள்ளைகளின் கழிப்பறையையே சின்னதுகளும் பயன்படுத்த வேண்டியிருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். வாடகை வீட்டு மையத்தில் வீட்டுக்காரரோடு பொதுவாக இருக்கலாம். நான் பார்த்த நாலில் சின்னப் பிள்ளை உட்காரும் அளவில் கட்டியிருந்தது ஒன்றே ஒன்று, அது அந்தப் புதுக் கட்டடம். அந்த ஒரு விஷயத்தில் அதற்கு முழு மார்க்.

நான் வேலைக்குப் போகிறேன். மாலை வரை வைத்துக்கொள்வார்களா?

சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கவைத்து மூன்றரை, நாலு மணி வாக்கில் அனுப்புகிற மையங்கள் இருக்கின்றன. சாப்பிட்டதும் கூட்டிப்போகச் சொல்லும் மையங்களும் இருக்கின்றன. எழுத்தில் உள்ள நேரத்தைக் கேட்காமல், "நேற்று கடைசிப் பிள்ளை எத்தனை மணிக்குப் போனது?" என்று கேளுங்கள். கடையிலோ ஜவுளியிலோ ஏழு மணி வரை வேலை என்றால் அரசு மையம் மட்டும் போதாது, வீட்டில் ஒரு அப்பத்தா வேண்டும்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

அங்கன்வாடியில் இரண்டு வயதிலிருந்தே உட்காரவைப்பார்கள், ஆறு வயது வரை இருக்கலாம். எல்கேஜிக்கு மூன்று, யுகேஜிக்கு நாலு முடிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31-க்குள் ஐந்து முடிந்தால் போதும். தேசியக் கல்விக் கொள்கை ஆறு என்கிறது. கேந்திரிய வித்யாலயாக்கள் அந்தக் கணக்கில் நடக்கின்றன. பின்னால் அங்கே சேர்க்க நினைப்பவர்கள் இப்போதே விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு வருடம் இடிக்கும்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ் நகல், தடுப்பூசி அட்டை, ஆதார். பிள்ளைக்கு ஆதார் எடுக்கவில்லை என்றால் அம்மாவின் ஆதாரை வைத்துப் பதிவு செய்துகொள்ளலாம். பணம் ஒரு பைசா கிடையாது.

வேறு வார்டு மையம் நன்றாக இருக்கிறது. அங்கே சேர்க்கலாமா?

சேர்க்கலாம். 400 முதல் 800 பேர் வரை உள்ள பகுதிக்கு ஒரு மையம் என்ற கணக்கில் டீச்சருக்குத் தெருக்கள் பிரித்திருக்கும். ஒரு பிள்ளையின் பெயர் ஒரே நேரத்தில் இரண்டு மையத்தில் இருக்கக் கூடாது. பிள்ளை பிறந்ததிலிருந்தே உங்கள் தெரு மையத்தில் பெயர் ஏறியிருக்கும், அதைச் செயலியில் மாற்றித் தரச் சொல்ல வேண்டும். பழைய டீச்சருக்கு ஒரு தலை குறையும் என்பதால் கொஞ்சம் முகம் சுளிப்பார். அதற்கெல்லாம் அசராதீர்கள். ஆனால் தூரத்தை யோசியுங்கள். நடந்து போகிற தூரத்தில் இல்லாத பால்வாடிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் யாரும் ஒழுங்காகப் பிள்ளையை அனுப்பி நான் பார்த்ததில்லை.

அரசு உதவி பெறும் பள்ளியில் எல்கேஜி இலவசமா?

பெரும்பாலும் இல்லை. அரசு சம்பளம் கொடுப்பது ஒன்றாம் வகுப்புக்கு மேல் உள்ள ஆசிரியர்களுக்குத்தான். எல்கேஜி, யுகேஜியை நிர்வாகம் தன் செலவில் நடத்தி ஃபீஸ் வாங்குகிறது. தனியாரைவிடக் குறைவாக இருக்கும். நான் போன பள்ளியில் டீச்சருக்கு அனுபவம் நிறைய, ஆனால் ஒரே அறையில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். எழுந்து வந்துவிட்டேன்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் உண்டு. ஒரு கிலோமீட்டர் சுற்றளவு, நலிந்த பிரிவினர் என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்ற நிபந்தனைகளோடு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். அதை நம்பி மற்ற வழிகளை மூடிவிடாதீர்கள். 2025-இல் ஒன்றிய அரசின் நிதி வராத சிக்கலில் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. அதுவரை பிள்ளையை வீட்டில் வைத்திருந்தவர்கள் உண்டு.

உடம்பு, மருந்து விஷயமெல்லாம் பார்ப்பார்களா?

மாதம் ஒரு தடவை எடை, உயரம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைட்டமின் ஏ திரவம், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை. நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை வந்து கண், காது, இதயம் எல்லாம் பார்க்கும். பார்த்ததை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வளர்ச்சி அட்டையில் எடைக்கோடு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியிருந்தால் டீச்சர் சொல்லும் வரை காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள்.

குறை இருந்தால் யாரிடம் சொல்வது?

முதலில் டீச்சரிடமே, மற்றவர்கள் இல்லாத நேரத்தில். சரியாகவில்லை என்றால் வட்டார மேற்பார்வையாளர், அதற்கு மேல் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், மாவட்டத்துக்குத் திட்ட அலுவலர். சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவும் கொடுக்கலாம். பள்ளி வளாகத்து எல்கேஜியில் மட்டும் ஒரு சிக்கல்: சாப்பாடும் உதவியாளரும் ஒரு துறை, பள்ளியும் தலைமை ஆசிரியரும் இன்னொரு துறை. குழாய் உடைந்தால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள். பிள்ளைக்குத் துன்பம் என்ற அளவில் ஏதாவது என்றால் யாரையும் கேட்க வேண்டாம், நேரே 1098.

கடைசியில் நீங்கள் எங்கே சேர்த்தீர்கள்?

வாடகை வீட்டு மையத்தில். கழிப்பறை சுமார்தான், இடம் போதாது, மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்கும், அன்றைக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிறேன். யுகேஜி வயது வரும்போது பள்ளி வளாகத்துக்கு மாற்றலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. அங்கே இந்த வருட டீச்சர் இன்னும் இருக்கிறாரா என்று மே மாதம் போய்ப் பார்க்க வேண்டும்.